காரின் பின் சீட்டும் கம்ப்யூட்டரின் ராமும்: ‘டக்’ என்ற அந்தச் சத்தம்

கேபினெட்டைத் திறந்து ராம் மாற்றியவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரிந்திருக்கும். ராமை ஸ்லாட்டில் நேராக வைத்து, இரண்டு கட்டை விரல்களாலும் அழுத்தினால் ஓரத்தில் உள்ள பூட்டு ‘டக்’ என்று மூடிக் கொள்ளும். ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் உட்காரவில்லை என்றால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. பீப், பீப் என்று கத்தும். சில மதர்போர்டுகளில் சிறிய விளக்கு ஒன்று எரிந்து, “ராமைக் கவனி” என்று சொல்லும். நாமும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்து மாட்டுவோம். யாருக்கும் நஷ்டம் இல்லை.

காரின் சீட்டும் கிட்டத்தட்ட இதே முறையில்தான் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கார் கத்தாது.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு பெருமையானது அல்ல. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது சேலையூரில் எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் எங்களுடையது ஒன்றுமே இல்லை. இருந்தாலும் வாசலில் நின்ற எங்கள் பழைய காருக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் புகுந்துவிட்டது. தரை விரிப்பு ஊறி நாற்றம் அடித்தது. மெக்கானிக் யாரும் கிடைக்காத வாரம் அது. “இன்ஜினியரிங் படித்தவன்தானே, நாமே கழற்றுவோம்” என்று பின் சீட்டின் குஷனை இழுத்து எடுத்து, மொட்டை மாடியில் நான்கு நாள் காயப் போட்டேன். பிறகு நானே திரும்ப வைத்தேன். கையால் அழுத்தினேன். உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அக்காவையும் அவள் மகளையும் ஏற்றிக்கொண்டு கேம்ப் ரோடு பக்கம் போகும்போது ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். பின்னால் “மாமா, சீட்டு ஓடுது!” என்று ஒரு சத்தம். இடது பக்கக் குஷன், கதவு திறப்பது போல ஒரு பக்கமாக முன்னே திரும்பி வந்துவிட்டது. குழந்தை என் சீட்டின் முதுகில் மோதி உதடு கிழிந்து ரத்தம். பெல்ட் போட்டிருக்கவில்லையா என்று கேட்பீர்கள். போட முடியவில்லை. அந்தப் பக்கத்து பக்கிளை நான் குஷனுக்கு அடியிலேயே வைத்து மூடியிருந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சீட் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கல்லூரி நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி: “கையால அமுக்கினியா, முட்டியால அமுக்கினியா?” அடுத்த கேள்வி: “சத்தம் ரெண்டு கேட்டுச்சா, ஒண்ணு கேட்டுச்சா?”

எனக்கு இரண்டுக்குமே பதில் தெரியவில்லை. அதன் பிறகு அவனிடம் கேட்டும், படித்தும், என் காரையே பிரித்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சீட் என்பது ஒரே பொருள் அல்ல

கம்ப்யூட்டர் என்றால் மானிட்டர், கேபினெட், கீபோர்டு என்று பிரித்துப் பார்க்கிறோம் அல்லவா? சீட்டையும் அப்படிப் பிரிக்கலாம். அடியில் இரும்புச் சட்டம். அதன் மேல் ஃபோம். அதற்கு மேல் துணி, ரெக்சின் அல்லது தோல் உறை. முன் சீட்டாக இருந்தால் கூடவே முன்னும் பின்னும் நகர்த்துவதற்கான தண்டவாளம், முதுகைச் சாய்ப்பதற்கான மெக்கானிசம்.

ஆக, பிடித்து வைக்க வேண்டிய இடங்கள் மூன்று. உறை ஃபோமைப் பிடிக்க வேண்டும். ஃபோம் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். சட்டம் காரின் தரையைப் பிடிக்க வேண்டும். முதல் இரண்டும் சீட் தொழிற்சாலையில் முடிந்துவிடும். மூன்றாவது, கார் தொழிற்சாலையில்.

உறை ஏன் கூடாரம் போல நிற்பதில்லை?

உங்கள் கார் சீட்டைப் பாருங்கள். நடுவில் பள்ளம், இரு ஓரமும் மேடு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒரு கோடு போல உறை உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். இழுத்துக் கட்டாமல் விட்டால் துணி மேட்டிலிருந்து மேட்டுக்குக் கூடாரம் போல நின்றுவிடும். உட்கார்ந்தால் தொய்யும், எழுந்தால் சுருங்கும்.

இழுத்துக் கட்டுவது எப்படி? ஃபோம் என்பது பாலியூரித்தேன். இரண்டு திரவங்களைக் கலந்து அச்சுக்குள் ஊற்றினால் இட்லி மாவு போலப் பொங்கி, சில நிமிடங்களில் அச்சின் வடிவத்துக்கு வந்துவிடும். ஊற்றுவதற்கு முன்பே அச்சுக்குள் மெல்லிய இரும்புக் கம்பிகளை வைத்துவிடுவார்கள். அவை நகராமல் இருக்க அச்சிலேயே காந்தம் இருக்கும். ஃபோம் பொங்கியதும் கம்பி அதற்குள் புதைந்துவிடும். உறையின் அடிப்பக்கத்திலும் ஒரு குழாய் போலத் தைத்து அதற்குள் இன்னொரு கம்பி. இப்போது இந்த இரு கம்பிகளையும் சேர்த்து ஒரு சி வடிவ வளையத்தால் கவ்வி, இடுக்கி போன்ற கருவியால் நெருக்கினால் வளையம் மூடிக்கொள்ளும். இதற்கு ஹாக் ரிங் என்று பெயர். பன்றியின் மூக்கில் போடும் வளையத்திலிருந்து வந்த பெயர். இன்று காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கி போன்ற கருவியால் டஜன் கணக்கில் ‘டப் டப்’ என்று அடித்துக்கொண்டே போகிறார்கள்.

ஹாக் ரிங்கின் குறை, அது இரும்பு. தண்ணீரில் ஊறிய சீட்டில் சில மாதம் கழித்துத் தையல் கோட்டின் ஓரமாகப் பழுப்புக் கறை வந்தால் அது அழுக்கு அல்ல, உள்ளே வளையம் துருப்பிடிக்கிறது என்று பொருள். எவ்வளவு ஷாம்பு போட்டாலும் போகாது.

உறையின் வெளி ஓரத்துக்கு வேறு முறை. தூண்டில் முள்ளைப் போல வளைந்த பிளாஸ்டிக் பட்டை ஒன்றை உறையின் விளிம்பில் தைத்துவிடுவார்கள். அதைச் சட்டத்தின் ஓரத்தில் இழுத்து மாட்டினால் போதும். கருவி வேண்டாம். ஃபோம் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்த முள் தானாகக் கழலாது. தலையணை உறையை இறுக்கமாகப் போட்டால் அது கழல்வதில்லை அல்லவா, அதே கதைதான். சில சீட்டுகளில் வளையத்துக்குப் பதிலாக வெல்க்ரோ நாடா, சிலவற்றில் பசை, சிலவற்றில் ஃபோமிலேயே புதைத்த பிளாஸ்டிக் கிளிப். கடைசியாக ஆவியோ சூடான காற்றோ அடித்துச் சுருக்கத்தை நீக்குவார்கள். துணி இஸ்திரி போடுவது போல.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். முன் சீட்டின் முதுகில் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில், அந்த ஓரத் தையல் மட்டும் விபத்தின்போது கிழிய வேண்டும் என்றே திட்டமிட்டுத் தைக்கப்படுகிறது. நூலின் இறுக்கம், தையலின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தையல் இயந்திரத்தோடு இணைந்த கம்ப்யூட்டர் பதிவு செய்து, அந்த உறையின் பார்கோடு எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். அப்படிக் கணக்குப் பார்த்துத் தைத்த உறைக்கு மேல், நாம் கடையில் கொடுத்துத் தடிமனான ரெக்சின் உறையை இறுக்கமாகப் போட்டால் ஏர்பேக் எங்கே வெளியே வரும்? சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்ற சிறிய அடையாளத் துணி தைத்திருந்தால், புது உறை வாங்கும் முன் கடைக்காரரிடம் அந்த இடம் திறந்திருக்குமா என்று கேளுங்கள். அழகு அடுத்த விஷயம்.

லாரியில் வரும் பிரிண்ட் க்யூ

சென்னையின் தென்மேற்குப் பக்கம் கார் தயாரிப்புக்குப் புதியதல்ல. தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாரான காலம் ஒன்று இருந்தது. 1980களின் இறுதியில் அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தியே நின்று போனது. பிறகு 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. 1999இலிருந்து மறைமலை நகரில் ஃபோர்டு (2022இல் அங்கே உற்பத்தி நின்றது), 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். இவற்றைச் சுற்றிலும் உதிரி பாகத் தொழிற்சாலைகள் முளைத்தன. அவற்றில் சீட் தொழிற்சாலைகள் கட்டாயம் பக்கத்திலேயே இருக்கும். காரணம் எளிது. சீட் எடை குறைவு, இடம் அதிகம். தூரத்திலிருந்து லாரியில் கொண்டு வந்தால் பாதிக் காற்றுக்கு வாடகை கொடுக்க வேண்டும்.

இன்னொரு காரணம்தான் எனக்குப் பிடித்தது. ஒரே மாடல் காரில் எத்தனை வகை சீட் என்று எண்ணிப் பாருங்கள். துணி, தோல், கறுப்பு, பழுப்பு, ஏர்பேக் உள்ளது, இல்லாதது, உயரம் மாற்றக்கூடியது, மாற்ற முடியாதது, வெளிநாட்டுக்குப் போகும் இடப்பக்க ஸ்டியரிங் காருக்கானது. எல்லாவற்றையும் செய்து கிடங்கில் குவித்து வைத்தால் கிடங்கு போதாது. ஆகவே குவிப்பதே இல்லை.

வர்ணம் பூசிய காரின் உடல், பொருத்தும் வரிசைக்குள் நுழைந்ததும், கார் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் சீட் தொழிற்சாலையின் கம்ப்யூட்டருக்கு ஒரு செய்தி அனுப்பும். “இந்த எண் கார், இந்த வகை சீட், வரிசையில் இந்த இடம்.” அடுத்த கார், அடுத்த செய்தி. அங்கே அதே வரிசையில் சீட் தயாராகி, அதே வரிசையில் லாரி ஏறி, சில மணி நேரத்தில் வந்து சேரும்.

நீங்கள் பிரிண்டருக்கு ஐந்து ஃபைல்களை அடுத்தடுத்து அனுப்பினால் என்ன நடக்கும்? கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிரிண்டர் ஐகானைத் திறந்து பார்த்தால் ஐந்தும் க்யூவில் நிற்கும். முதலில் அனுப்பியது முதலில் அச்சாகும். அதேதான் இது. ஒரு வித்தியாசம், நடுவில் லாரி இருக்கிறது. லாரியில் கடைசியாக ஏற்றியது கதவருகே இருக்கும், அது முதலில் இறங்கும். ஒரே கதவுள்ள லாரி என்றால் க்யூவைத் தலைகீழாக ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பழுப்பு சீட் கறுப்பு காருக்கு வந்து நிற்கும். சாஃப்ட்வேர் படித்தவர்கள் இதை க்யூ, ஸ்டாக் என்று பரீட்சைக்கு எழுதுவோம். எனக்கு அது உண்மையாகப் புரிந்தது ஒரு லாரியின் பின்புறத்தை வைத்துத்தான்.

“வண்டலூர் ரோட்டில் ஒரு மணி நேரம் டிராஃபிக் என்றால் எங்களுக்குக் கை கால் உதறும்” என்று நண்பன் சொன்னதில் மிகை இல்லை.

முட்டாள் யார்?

சீட் தயாராகும் வரிசையில் ஒவ்வொரு சீட்டும் ஒரு தட்டின் மேல் உட்கார்ந்து நகரும். தட்டில் இரண்டு மூன்று இரும்பு முளைகள் நிற்கும். சட்டத்தில் உள்ள துளைகள் அந்த முளைகளில் இறங்கினால்தான் சட்டம் படியும். இடது சட்டத்தை வலது தட்டில் வைக்க முயன்றால் படியாது. குஷன் சட்டத்தை வேலை முடியும் வரை அசையாமல் பிடித்து வைப்பது இந்த முளைகள்தான்.

போல்ட் முடுக்க மின்சாரக் கருவி இருக்கிறது. அது வெறுமனே முடுக்குவதில்லை. எவ்வளவு இறுக்கம், எத்தனை டிகிரி சுற்று என்று அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நான்கு போல்ட் போட வேண்டிய இடத்தில் மூன்று மட்டும் போட்டால் தட்டு அடுத்த இடத்துக்கு நகராது. துளை சிதைந்து போல்ட் கோணலாக ஏறினாலும் கண்டுபிடித்துவிடும். இறுக்கம் வந்திருக்கும், ஆனால் சுற்று குறைவாக இருக்குமே!

இப்படித் தவறு செய்ய முடியாதபடி வேலையையே அமைப்பதை ஜப்பானிய மொழியில் பொக்கா-யோக்கே என்கிறார்கள். ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் 1960களில் இதைப் பரப்பினார். 1961இல் யமாடா எலக்ட்ரிக் என்ற நிறுவனத்தில் அவர் செய்தது மிகவும் எளிய வேலை. ஒரு சுவிட்சில் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும், தொழிலாளர்கள் சில சமயம் ஒன்றை மறந்துவிடுவார்கள். முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சிறிய தட்டில் வைத்துக்கொள், பிறகு வேலையைத் தொடங்கு என்று மாற்றினார். முடிந்த பிறகு தட்டில் ஒன்று மீதி இருந்தால் மறந்துவிட்டோம் என்று தெரிந்துவிடும்.

அப்போது இதன் பெயர் பாகா-யோக்கே. முட்டாள் தடுப்பு என்று பொருள். 1963இல் அரகாவா ஆட்டோ பாடி என்ற தொழிற்சாலையில், இடது வலது பாகம் மாறாமல் இருக்க ஒரு கருவி வைத்து, அதன் பெயரையும் சொன்னபோது, அங்கே வேலை செய்த ஒரு பெண் தன்னை முட்டாள் என்கிறார்களா என்று அழுதுவிட்டாராம். அதன் பிறகுதான் ஷிங்கோ பெயரை மாற்றினார். பொக்கா என்றால் கவனக்குறைவால் வரும் தவறு. அந்த அரகாவா நிறுவனம் டொயோட்டா குழுமத்துக்குச் சீட் செய்து கொடுத்தது. பின்னாளில் அராக்கோ என்று பெயர் மாறி, 2004இல் டொயோட்டா போஷோகுவோடு இணைந்தது.

உங்கள் கம்ப்யூட்டர் முழுக்க பொக்கா-யோக்கே இருக்கிறது. ராமின் அடியில் நடுவிலிருந்து சற்று விலகி ஒரு வெட்டு உண்டு, திருப்பிப் போட்டால் நுழையாது. விஜிஏ பிளக் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். சாட்டா கேபிளின் முனையில் ஒரு மடிப்பு. பழைய ஃப்ளாப்பியின் ஒரு மூலை வெட்டியிருக்கும். யூஎஸ்பியின் பழைய பெரிய பிளக்கும் தலைகீழாக நுழையாது, ஆனால் எது தலைகீழ் என்று பார்த்தவுடன் தெரியாது. அதனால் மூன்று முறை திருப்பிப் பார்க்கிறோம். டைப்-சி பிளக் வந்த பிறகு தலைகீழ் என்பதே இல்லை. தவறைத் தடுப்பதைவிடத் தவறே இல்லாமல் செய்வது மேல் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வரிசையில் சரிபார்க்கும் பார்கோடு ரீடரையும் பெரிய மந்திரம் என்று நினைக்க வேண்டாம். மளிகைக் கடையில் பார்க்கும் அதே ரகம்தான். யூஎஸ்பியில் மாட்டும் சாதாரண ரீடர் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டாகத்தான் தெரியும். நோட்பேடைத் திறந்து வைத்து, கையில் கிடைத்த பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினால் எண்கள் தானாக டைப் ஆகி எண்டரும் தட்டப்படும். அந்த எண்ணும் எதிர்பார்த்த எண்ணும் ஒன்றா என்று ஒப்பிட்டு, ஒன்று என்றால் பச்சை விளக்கு, இல்லை என்றால் சிவப்பு. எக்ஸெலில் இஃப் ஃபார்முலா போடத் தெரிந்தவர் அந்த புரோகிராமின் இதயத்தை எழுதிவிடலாம். மீதி எல்லாம் மின்சாரமும் நெட்வொர்க்கும் போனால் என்ன செய்வது என்ற கவலைதான்.

முன் சீட்: நான்கு போல்ட்

முன் சீட் பதினைந்து, இருபது கிலோ, அதற்கு மேலும் இருக்கும். நாள் முழுக்க ஒருவர் தூக்கி வைக்க முடியாது. தொங்கும் இயந்திரக் கை அதைத் தூக்கி, கதவு வழியாக உள்ளே கொண்டு போகும். தண்டவாளத்தின் அடியில் உள்ள சிறு முளை, தரையின் துளையில் இறங்கும். அதன் பிறகு சீட் நகராது, போல்ட்டுக்கு உரிய துளைகள் நேராக நிற்கும். பொதுவாக நான்கு போல்ட். சீட்டை முன்னே தள்ளிப் பின் இரண்டு, பின்னே தள்ளி முன் இரண்டு. உங்கள் காரிலும் அப்படி நகர்த்தினால் அவற்றின் தலைகள் அல்லது மூடிகள் தெரியும். இறுக்கம் மாடலுக்கு மாடல் மாறும், சுமார் 40 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் நான்கு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டது போல.

ஏன் இத்தனை கண்டிப்பு? ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போலச் சராசரியாகப் பதினான்கு மடங்கு விசையோடு முன்னே போகப் பார்க்கும். இருபது கிலோ குழந்தை 280 கிலோ. சீட் தன் எடையைப் போல 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு விதி சொல்கிறது. ஐரோப்பாவின் விதியும் 20 மடங்கு வேகக் குறைவைத்தான் சோதிக்கிறது. இந்தியாவிலும் சீட்டுக்கும் அதன் பிடிமானத்துக்கும் ஐஎஸ் 15546 என்ற தனித் தரநிலை உண்டு. பல கார்களில் முன் பெல்ட்டின் பக்கிள் சீட் சட்டத்திலேயே இருப்பதால், அந்த நான்கு போல்ட்டும் சீட்டோடு சேர்த்து ஆளையும் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முன் சீட்டைக் கழற்றும் எண்ணம் உங்களுக்கு வந்தால் அடியில் ஒயர்களைப் பாருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. தொடாதீர்கள். மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பின் சீட்: போல்ட்டே இல்லை

இப்போது என் குற்றத்துக்கு வருவோம். பெரும்பாலான சிறிய கார்களில் பின் சீட்டின் குஷனுக்கு அந்த மின்சாரக் கருவியும் இல்லை, பதிவும் இல்லை. குஷனின் ஃபோமுக்கு அடியில் ஒரு தடித்த கம்பிச் சட்டம். அதன் முன் ஓரத்தில் இரண்டு இடங்களில் கம்பி கீழ்நோக்கி யூ போல வளைந்திருக்கும். காரின் தரையில் அதற்கு நேராக இரண்டு பிளாஸ்டிக் கிளிப். குஷனைப் பின்னே தள்ளி, பின் ஓரத்தை முதுகுப் பகுதிக்கு அடியில் கொடுத்து, முன் ஓரத்தை இரண்டு இடத்திலும் ஓங்கி அழுத்த வேண்டும். டக். டக். (சில மாடல்களில் பின்பக்கம் போல்ட்டும் உண்டு.)

பைக் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. சீட்டின் நாக்கை ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கத்தைத் தட்டிப் பூட்டுகிறோம். நாக்கு சரியாக நுழையாமல் பூட்டு மட்டும் விழுந்தால் சீட் ஆடும். ஷேர் ஆட்டோவின் பின் குஷன் வெறுமனே தூக்கினால் வந்துவிடும், அதற்கடியில் டிரைவர் ஸ்பேனர் வைத்திருப்பார். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

இந்தக் கிளிப்பின் அமைப்பில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. மேலே தூக்கினால் சுலபமாக வரும், அடியில் விழுந்த சில்லறையை எடுக்கவும் ஒயரைப் பார்க்கவும் வசதி. ஆனால் முன்னே இழுத்தால் வராது. ஆள் உட்கார்ந்திருக்கும்போது எடை கீழே அழுத்திக்கொண்டே இருப்பதால் மேலே கழல வழியில்லை. பிரேக்கில் விசை வருவதோ முன்னே. எந்தத் திசையில் வலு வேண்டுமோ அந்தத் திசையில் மட்டும் வலு.

இரண்டு கிளிப்பும் விழுந்ததா என்பதைத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் எப்படி அறியும்? கேமரா வைக்கலாம், அழுத்தும் விசையை அளக்கலாம், சத்தத்தைக்கூட மைக் வைத்துக் கேட்கலாம். ஆனாலும் பல இடங்களில் கடைசி நம்பிக்கை ஒரு மனிதர்தான். முட்டியால் அழுத்து, சத்தம் கேள், பிறகு முன் ஓரத்தைப் பிடித்து மேலே ஒரு இழு. ஒயர் கனெக்டர் மாட்டுபவர்களும் இதே மூன்றைத்தான் செய்கிறார்கள். இத்தனை பார்கோடும் சென்சாரும் தாண்டி வந்த சீட், கடைசியில் ஒருவரின் முழங்காலிலும் காதிலும் வந்து நிற்கிறது.

என் காரில் என்ன நடந்தது என்பது குஷனை மறுபடி தூக்கியதும் தெரிந்தது. நான் முதலில் இழுத்தபோது இடது கிளிப் தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கம்பியோடு வந்துவிட்டது. தரை விரிப்பைக் காயவைத்துப் போட்டபோது இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டதால், கிளிப் இறங்க வேண்டிய துளையையே விரிப்பு மூடிவிட்டது. கம்பி, அதில் தொங்கும் கிளிப், அதற்கடியில் மெத்தென்ற விரிப்பு. கையால் அழுத்தினால் இறங்கியது போலவே இருக்கும்! வலது கிளிப் ஒன்று மட்டும் பிடித்ததால்தான் குஷன் அதைச் சுற்றிக் கதவு போலத் திரும்பியது.

உங்கள் காரில் பாருங்கள்

வாட்டர் வாஷ், வெள்ளம், ஸ்பீக்கர் ஒயரிங், எலித் தொல்லை, புது சீட் கவர் என்று எதற்காகவாவது பின் குஷன் கழன்றிருந்தால் இதைச் செய்து பாருங்கள். கதவைத் திறந்து, குஷனின் முன் ஓரத்தை அடியில் இரு கையாலும் பிடித்து, இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை மிதமாக மேலே இழுங்கள். இரண்டும் ஒரே மாதிரி எதிர்க்க வேண்டும். ஒரு பக்கம் லேசாக எழும்பினால் அந்தக் கிளிப் இறங்கவில்லை. முழுதாகத் தூக்கி, துளை தெரிகிறதா, கிளிப் தரையில் நிற்கிறதா, கம்பியில் தொங்குகிறதா என்று பார்த்து, பக்கிள்கள் மூன்றையும் மேலே எடுத்துவிட்டு முட்டியால் அழுத்துங்கள். பலமுறை கழற்றிய பழைய கிளிப் வெளுத்து விரிசல் விட்டிருக்கும். கயிறு, கேபிள் டை என்று கட்டிச் சமாளிக்காதீர்கள், அவை மேலே இழுப்பதைத் தடுக்குமே தவிர முன்னே போவதைத் தடுக்காது. உங்கள் மாடலுக்கான கிளிப் கேட்டு வாங்குங்கள். எனக்கு இரண்டு கிளிப்பும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. உதட்டுத் தையலுக்கு ஆனது அதைவிட அதிகம்.

முன் சீட்டுக்கும் ஒரு சோதனை. சீட்டை நகர்த்தி நிறுத்திய பிறகு, கால்களை ஊன்றி உடம்பை முன்னும் பின்னும் ஒரு முறை உலுக்குங்கள். சில சமயம் ஒரு பக்கத் தண்டவாளத்தின் பூட்டு மட்டும் விழுந்து மறுபக்கம் பாதியில் நிற்கும். உலுக்கினால் ‘டக்’ என்று விழும்.

குழந்தை சீட் மாட்டுபவர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். ஐசோஃபிக்ஸ் வகைச் சீட்டுகள் பலவற்றில் கொக்கி சரியாகப் பிடித்தால் சிவப்பு மறைந்து பச்சை தெரியும். பின் குஷனுக்கும் யாராவது அப்படி ஒரு பச்சைப் புள்ளி வைத்தால் நன்றாக இருக்கும். அதுவரை அக்கா மகள் இருக்கிறாள். காரில் ஏறும் முன் குஷனின் முன் ஓரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, “ஓகே மாமா” என்ற பிறகுதான் உட்காருகிறாள்.